தோஹாவிலிருந்து குறிஞ்சாக்கேணி: என் கணக்கு

8, திங்கள்

கச்சான் காற்று. கிணற்றடியிலும் சூடு. ராத்தாவின் கணவர், என் மச்சான், பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மௌத். இந்தக் கச்சானை அவர் தாண்டமாட்டார் என்று போன கிழமையே சொன்னவன் நான். யார் கேட்டார்கள்?

வேலைகள்: உடலைப் பொதியக் கபன் துணி. குழி வெட்ட ஆள். வருகிறவர்கள் இருக்கக் கதிரை முப்பது. றிஸ்வான்.

றிஸ்வான் மச்சானின் ஒரே மகன், கட்டாரில். வாப்பாவைக் கண்டு நாலு வருடம். இரவு இரண்டு மணி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்: "இந்தச் சூட்டுல வெச்சிருக்க ஏலாது. விடிய அடக்குவம்."

ராத்தா உள்ளே இருந்து: "தம்பி, என்ட புள்ளைக்கு முகத்தக் காட்டாமக் கொண்டு போகாதீங்க."

எழுந்தேன். தோஹா–கொழும்பு மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். விடிய ஏழுக்கு இறங்குவான். வேனில் ஆறு. ஒரு மணிக்கு இந்த வாசல். பைலட்டும் இவ்வளவு சுருக்காகச் சொல்லியிருக்கமாட்டான். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவு.

9, செவ்வாய்

லுஹர் முடிந்தது. ஒரு மணி. வேன் இல்லை. அவனுடைய கட்டார் சிம் இங்கே வேலை செய்யாது. ஒன்று இருபது. மையத்தைச் சுற்றி வைத்த ஐஸ் கரைகிறது.

றிஸ்வானின் பெண்சாதி ஸீனத் போனில் டிக்கெட்டைக் காட்டினாள். "மாமா, ரெண்டு மணி எண்டது அங்கத்த நேரந்தானே. நமக்கு அப்ப நாலரை. இஞ்ச வர மூணரை ஆகும்."

இரண்டரை மணித்தியால வித்தியாசம். மறக்கவில்லை; சொல்லாமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

"தூக்குங்க," என்றார் மரைக்கார். நாலு பேர் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. டிரைவரின் நம்பரிலிருந்து றிஸ்வான்.

"ஹபரணை தாண்டிட்டானாம்! தேத்தண்ணிகூடக் குடிக்கல்லயாம்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

மரைக்கார் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "ஹபரணை எண்டா ரெண்டு மணித்தியாலம். சரி, அஸரோட வைப்பம். அதுக்கு மேல ஒரு நிமிசமும் ஏலாது."

இரண்டு. இரண்டரை. ரோட்டில் மூன்று வேன், மூன்றும் வேறு ஆட்கள். மூன்று மணிக்கு ராத்தா ஆளனுப்பினாள், எங்கே வாறான் என்று கேட்டு. இன்னும் கிட்ட, கந்தளாய் என்று சொல்லச் சொன்னேன்.

அஸர் முடிந்து சனம் செருப்பு மாட்டும்போது வேன் வந்தது. பையை எடுக்காமல் ஓடினான். வாப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். மரைக்காரே மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

10, புதன்

காற்றுக் குறைவு. திரும்பி வந்த கதிரை இருபத்தெட்டு. றிஸ்வான் பக்கத்தில் வந்து இருந்தான்.

"மாமா, ஒண்டரைக்கும் நான் ஹபரணைக்கு வந்து சேரல்ல. ஒருத்தருக்கும் கோல் எடுக்கல்லயே."

"வேற றிஸ்வானா இருக்கும்."

சிரித்தான். பிறகு அழுதான்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். அன்றைக்கு என் போன் அடிக்கவில்லை. அவன் ஃப்ளைட் ஏறினானா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.