கால் இடறி விழுந்தவன் அல்ல நீ

இன்று மதியம் ஓட்டல் கிளப்பில் ஒலிப்பெருக்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் புகைந்தது. கருகிய இரும்பின் வாசனை. கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் அங்கேயே நின்றேன். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது உன் சட்டையில் இருக்கும் வாசனை அது. எந்த சோப்புக்கும் போகாது.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் பாட்டுப் போடத் தொடங்கி சென்னையின் பெரிய கிளப்புகள் வரை வந்துவிட்டேன். தலை நரைத்த டி.ஜே. என்று இப்போது பேட்டியெல்லாம் எடுக்கிறார்கள். தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் கருவிகளைப் பற்றி எதையாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன். உண்மையில் நான் கற்றது அந்தக் கல்யாணங்களில் ஆடிய உன் கால்களைப் பார்த்து. தாளம் மாறப்போவது எனக்குத் தெரியும் முன்பே உன் குதிகாலுக்குத் தெரிந்துவிடும். நான் அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குத் தாவினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக் கத்துவாய்.

"இன்னாடா அவசரம் உனுக்கு? ஜனம் இப்பதான் சூடேறிக்கினு வருது. கொஞ்சம் ஏங்க வுடுடா!"

ஆட்ட இசையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். ஏங்கவிடுவது. தாளத்தின் அடி விழப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும், ஆனால் இன்னும் விழவில்லை. அந்த இடைவெளியில் மனிதர்கள் எப்படி ஒளிர்கிறார்கள் என்பதை உன் முகத்தில்தான் முதலில் பார்த்தேன்.

அந்தப் பெரிய ஓட்டலில் எனக்கு முதல் ஞாயிறு மதிய நிகழ்ச்சி கிடைத்தபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மனைவியோடு வந்தாய். வாசலில் உன் செருப்பைப் பார்த்தே நிறுத்திவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் ஓடிவந்தேன். "சார், இங்க வர்ற கிரவுடு வேற. நீங்கதான் புரிஞ்சுக்கணும்" என்றார் மேலாளர். நீயோ சிரித்தாய்.

"வுடு மச்சான். உள்ள ஏசில ஆடறவனுக்கு வேர்க்காது. வேர்க்காத ஆட்டம் இன்னா ஆட்டம்? ஊட்டுக்குப் போறோம் நாங்க."

உன்னால் சிரிக்க முடிந்தது. என்னால் இன்றுவரை முடியவில்லை. ஒரு கையில் கிளாஸும் மறு கையில் போனுமாக வந்து "இதைப் போடு" என்று அதட்டுகிறவர்களுக்கு, தோளை மட்டும் குலுக்கிக்கொள்கிறவர்களுக்கு, இத்தனை வருடங்கள் பாட்டுப் போட்டேன். ஆடத் தெரிந்த ஒருவன் வாசலோடு திரும்பிப் போனான்.

நீ இறந்துபோவதற்குச் சில நாட்கள் முன்பு டீக்கடையில் சொன்னாய். "பழைய இரும்பப் பிரிச்சிப் பாக்காமயே உலைல கொட்றானுங்கடா. மூடுன சிலிண்டர் ஒண்ணு உள்ள போச்சின்னா அவ்ளோதான். கேட்டா, பேஜாரு பண்றான்றானுங்க."

ஒரு காலை ஷிப்டில் உலை வெடித்தது. உன்னை மூடியபடியே கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுநாள் ஆலையின் அறிவிப்புப் பலகையில் காரணம் எழுதியிருந்தது: தொழிலாளியின் கவனக்குறைவு, கால் இடறியதால் நேர்ந்த விபத்து.

கால் இடறியதாம். உனக்கு! ஈரக் களத்திலும் சேற்றிலும், குடித்தவர்கள் மோதும் கூட்டத்திலும் ஒருமுறைகூடத் தப்பாக அடி வைக்காத உனக்கு!

அடுத்த மாதமே ஆலையில் ஆண்டு விழா. விழா ஏற்பாட்டாளர்கள் என்னைத்தான் அழைத்தார்கள். உனக்கும் எனக்கும் என்ன உறவென்று அவர்களுக்குத் தெரியாது. எந்த ஆலை என்று தெரிந்தேதான் நான் போனேன். மேடை ஏறும் முன் ஒரு அதிகாரி தோளில் கை போட்டார். "போன மாசம் நடந்ததைப் பத்தி எதுவும் வேணாம் சார். ஜாலியா கொண்டு போங்க."

பந்தலில் உன் ஆட்கள் புதுச் சீருடையில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டுக்கு ஒருவரும் எழவில்லை. தாளத்தை ஏற்றிக்கொண்டே போய், அடி விழவேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இத்தனை வருடமாக மைக்கில் நான் பேசியதெல்லாம் 'கையத் தூக்குங்க' மட்டும்தான். அன்று உன் பெயரைச் சொன்னேன்.

"அவன் கால் இடறல" என்றேன். "உங்களுக்கும் தெரியும்."

மைக்கைப் பிடுங்கினார்கள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், உன் ஷிப்டில் இருந்த கிரேன் ஓட்டுநருடையது: "மூடுன சிலிண்டர் சார் அது! நாங்கதான் பாத்தமே!" அவர் பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். பிறகு அந்த வரிசையே எழுந்து நின்றது.

என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். அந்த ஏற்பாட்டாளர்கள் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. கிரேன் ஓட்டுநரின் வேலை போய்விட்டது. ஆனால் அவரும் இன்னும் இருவரும் விசாரணை அதிகாரியிடம் பார்த்ததைச் சொல்லிவிட்டார்கள். வழக்கு திருவள்ளூரில் நடக்கிறது. பலகையில் எழுதிய வாசகத்தை ஆலை இன்னும் திரும்பப் பெறவில்லை.

ஒவ்வொரு விசாரணைக்கும் உன் மனைவியோடு போகிறேன். என் சாட்சி செல்லாது, நான் எதையும் நேரில் பார்க்கவில்லை என்கிறார் வக்கீல். சரி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். போன முறை திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "ரொம்ப கோவத்தத் தூக்கிக்கினு திரியறீங்கண்ணா. கொஞ்சம் எறக்கி வெய்யுங்க."

"எனக்குக் கனக்கலம்மா" என்றேன்.