மேனேஜருக்கு வெந்நீர்

ஏப்ரல் 21, திங்கள்

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. காலையில் மேற்குக் காற்று, மணலி ரிஃபைனரி வாசம். பகல் இரண்டுக்குக் கடல் காற்று, கருவாட்டு வாசம். தேர்ந்தெடுக்கும் உரிமை திருவொற்றியூருக்கு இன்னும் வழங்கப்படவில்லை.

மேனேஜரை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனை. இளம் டாக்டர், பெண். சீட்டில் எழுத நாயின் பெயர் கேட்டார். ஏன் அப்படி ஒரு பெயர் என்றும் கேட்டார். ஃபேக்டரி மூடிய அன்று நிஜ மேனேஜர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார், கேட்டில் கடைசி வரை நின்றது இது ஒன்றுதான், ஆகவே பதவியை இதற்குக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். நல்ல டாக்டர்.

கன்டெய்னர் லாரி அடித்து ஒரு மாதம். இடுப்பெலும்பு கூடிவிட்டதாம். நரம்பும் இருக்கிறதாம். ஆனால் இடது பின்னங்கால் சதை குச்சியாகிவிட்டது. பயத்தில் ஊன்ற மறுக்கிறது. ஊன்றாததால் சதை இன்னும் கரைகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்த விடுங்கள் என்றார். தண்ணீரில் உடல் எடை தெரியாது, அதனால் காலை அசைக்கப் பயப்படாது. தண்ணீர் எதிர்த்துத் தள்ளும், அதில் சதை ஏறும். முதலில் இரண்டு நிமிடம், போகப் போகப் பத்து. சாப்பிட்டவுடன் கூடாது. முடிந்ததும் நன்றாகத் துவட்டணும், காதுக்குள் ஈரம் நிற்கக் கூடாது.

எப்போது குணம் என்று தெரியும்? “ஆண் நாய்தானே? ஒண்ணுக்குப் போக வலது காலைத் தூக்கிட்டு இடது கால்ல நிக்கட்டும். அன்னிக்கு வந்து சொல்லுங்க.”

தென்சென்னையில் ஏதோ தனியார் கிளினிக்கின் துண்டுப் பிரசுரமும் கொடுத்தார், வழவழ தாளில். நன்மைகள்:
மூட்டு வலி குறையும்.
இரத்த ஓட்டம் சீராகும்.
மூச்சு வலுப்படும்.
அதிக எடை குறையும். (மே., அதாவது மேனேஜர்: விலா எலும்புகளை இங்கிருந்தே எண்ணலாம்.)
மனச்சோர்வு நீங்கும். (யாருக்கு?)

வீட்டு ஓனர் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். மே மாசம் முடியட்டும். நடக்கலைன்னா ஊசி போட்டுடலாம். எத்தனை நாள் வாசல்ல இழுத்துக்கிட்டு கிடக்கும்? அதுக்கும் கஷ்டம்.” எட்டு வருடத்தில் அவர் யாருடைய கஷ்டத்தையும் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. முதல் முறையே ஊசியோடு வருகிறார்.

கா.தூ. இல்லை. (கால் தூக்கல். தினமும் குறிக்கணும். ஸ்டோர்ஸ் கிளார்க் புத்தி.)

ஏப்ரல் 22, செவ்வாய்

தண்ணீர் தேடல்.
1. அதிகாரிகள் குடியிருப்பு நீச்சல் குளம். வாட்ச்மேன்: மனுசனுக்கே கார்டு வேணும்.
2. கடல். கரை முழுக்கக் கருங்கல். நல்ல கால் உள்ள நாயே இறங்காது.
3. தெருக்குழாய். குடங்கள் வரிசை. கேட்கவேயில்லை, வேடிக்கை பார்த்தேன். அதற்கே ஒரு அம்மா: “இன்னா சார், நாய்க்கு நீச்சல் குளம் கட்டப் போறியாமே? எங்க குடத்த அதுல மொண்டுக்கலாமா?” வரிசை முழுக்கச் சிரிப்பு. கோபம் வந்தது. வீடு வரும்வரை அவர் மேல். வந்த பிறகு யார் மேல் என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

என் மனைவி சரோஜா மூன்று நாளாக முகம் மட்டும் கழுவுகிறாள். நானும்.

கா.தூ. இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

குப்பத்துக் கன்னியம்மா வீட்டுக்கு வந்தாள். மே. அவளிடம் மீன் தலை தின்ற பழைய கணக்கு. மீன்பிடி தடைக்காலம், புருஷன் தேசப்பன் ஓட்டும் விசைப்படகு, லாஞ்ச், காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது. லாஞ்சின் ஐஸ் பெட்டி பழுது பார்க்க வந்து அவள் வாசலில். ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரிது.

“ஐஸு உருகாம வெக்கிற பொட்டி சார். சூடு மட்டும் ஆறிடுமா? காலைல கடத்தண்ணி ஊத்து, தொறந்து வெயில்ல போடு. சாய்ங்காலம் மூடுனா வெந்நீரு.”

நான் இருபது வருடம் ஸ்டோர்ஸில் ஐஸ் பெட்டிகள் வழங்கியவன். இது எனக்குத் தோன்றவில்லை. துண்டுப் பிரசுரத்துக்கும் தோன்றவில்லை.

கடல்நீர் உடம்பில் காயக் கூடாது, ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றணும் என்று டாக்டர் போனில். சரி. என் பங்குக் குடம்.

ஏப்ரல் 25, வெள்ளி

முப்பத்தொரு வாளி, கல் மேல் ஏறி இறங்கி. முதுகு போச்சு.

மிதக்க என்ன கட்டுவது? தேசப்பன் பொறுப்பேற்றான். பிறந்ததிலிருந்து கட்டுமரம் பார்த்தவன், முட்டி இரண்டும் வீங்கி, கம்பும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருப்பவன், பேச்சு மட்டும் நடுக்கடல் வரை போகும். மிதக்கிற மரம் எப்பவும் அடியிலதான் என்றான். ஃபேக்டரி கொடுத்த என் காக்கிச் சட்டை; அதில் வயிற்றுப் பக்கம் வலை மிதப்புகளைக் கோத்துத் தைத்தான். மேனேஜர் முதன்முறையாகத் தொழிலாளி சட்டை அணிந்தார்.

இறக்கினோம். ஒரு நொடியில் குப்புறக் கவிழ்ந்தது. நான்கு கால்களும் ஆகாயத்தில், தலை தண்ணீருக்குள். நான் உள்ளே குதித்துத் தூக்கினேன். மே. இருமி இருமி உப்புத் தண்ணீர் கக்கியது. தேசப்பனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு அந்த வார்த்தை தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

தேசப்பன் கோபிக்கவில்லை. “மரம்னா நேராத்தான் நிக்கும். நாய் ஒயுங்கா இல்ல சார்.”

கன்னியம்மா சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “வலைக்கு மெதப்பு எங்க கீது? மேலயா, கீயயா? நாப்பது வருசமா கடலுக்குப் போறான், பொண்டாட்டி இன்னா பின்றான்னு பாத்ததில்ல.” பிரித்தாள். முதுகு ஓரமாக இரு பக்கமும் தைத்தாள்.

கா.தூ. இல்லை. மே. என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

மிதந்தது. இரண்டு நிமிடம். முன்னங்கால்கள் மட்டும் அடித்தன. இடது பின்னங்கால் தொங்கியது, ஈரத்துணி போல.

அந்தப் பக்கம் நின்று கூப்பிடச் சொன்னாள் கன்னியம்மா. விசில் அடி சார், ஃபேக்டரி கேட்டுல அடிப்பியே என்றாள். வாய் வறண்டிருக்கிறது என்றேன்.

மே 3, சனி

அனல். ஏழு நிமிடம். கால் தொங்கல்தான். வேடிக்கை பார்க்கத் தினம் பத்து பேர். நாயின் உடல்நலம் பற்றி இவ்வளவு நிபுணர்கள் இந்தத் தெருவில் இருப்பது தெரியாமல் போனது.

மே. பெட்டியை விட்டு ஏறியதும் கன்னியம்மா புருஷனைப் பார்த்து, நீ இறங்கு என்றாள்.

“நாய் குளிச்ச தண்ணிலயா? நானா?”

“மூட்டு வலி போவும்னு சாரோட பேப்பர்ல போட்டுக்குதாம். ஓசி வெந்நீரு. எறங்கு நைனா.”

இறங்கினான். கழுத்து வரை. கண்ணை மூடினான். கால் மணி நேரம் ஏற மறுத்தான். அவன் முட்டியை எந்த டாக்டரும் கையால் தொட்டுப் பார்த்ததில்லையாம். மாத்திரைச் சீட்டு மட்டும். பிரசுரத்தைத் திரும்பப் படித்தேன். வழவழ தாளில், வண்ணத்தில், சடைநாய் ஒன்று சிரிக்கிறது. லாஞ்ச் ஓட்டுபவனுக்கு இப்படி ஒரு தாளை யாரும் அச்சடித்ததில்லை. கிழிக்கத் தோன்றியது. டாக்டரின் நம்பர் பின்னால் எழுதியிருந்தது, அதனால் மடித்து வைத்தேன்.

நாளையிலிருந்து வரிசை மாற்றம்: தேசப்பன் முதலில், மே. பிறகு. நாயைவிட நான் சீனியர் என்கிறான்.

மே 14, புதன்

தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடம்.

சரோஜாவிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மே.-வை அடித்த கன்டெய்னர் லாரிக்காரன் தப்பான பக்கம் வந்தான் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். அவன் சரியான பக்கம்தான் வந்தான். சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் நான். இந்தப் பக்கம் மே. சும்மா படுத்திருந்தது. விசில் அடித்தது நான். பிஸ்கட் கொடுக்க. அது இடம் வலம் பார்க்காது, விசில் கேட்டால் வரும். வந்தது.

ஓனர் மேல், லாரி மேல், பிரசுரத்தின் மேல் இவ்வளவு கோபம் எங்கிருந்து என்று யாராவது கேட்டால் மேற்படிதான் பதில்.

இன்று ஐந்து மணிக்குப் பெட்டியின் மறுபக்கம் நின்று விசில் அடித்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும். காது நிமிர்ந்தது. தண்ணீருக்குள் இடது கால் உதைத்தது. ஒரு தடவை. பிறகு மூன்று. வெளியே தூக்கி விட்டதும் என் முட்டி மேல் ஏறி வந்து முகத்தை நக்கியது. இதற்குக் கொஞ்சமாவது கோபம் இருந்திருக்கலாம்.

கன்னியம்மா துண்டை எறிந்தாள். “கண்ல உப்புத் தண்ணி பட்ருச்சா சார், தொட.”

மே 28, புதன்

பெட்டி போயிற்று. தடை முடிய இரண்டு வாரம்தான், பழுது பார்த்து லாஞ்சுக்கு ஏற்றிவிட்டார்கள். தேசப்பன் கம்பு இல்லாமல் நடந்து போய் மீன்பாடி வண்டியில் ஏறினான். திரும்பி, நாய்க்குச் சொல்லு சார், மறுபடி தடை வந்தா முத டர்ன் எனக்கு என்றான்.

மே. வாசல் வரை நாலு காலில் நடக்கிறது. கோணல் நடை. சதை விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆனால் ஒண்ணுக்குப் போவது பெண் நாய் போல உட்கார்ந்துதான். கா.தூ. இல்லை. மூன்று நாள் மிச்சம்.

மே 30, வெள்ளி

புழுக்கம். மழை வரும் என்றார்கள், வரவில்லை.

ஓனர் காலையிலேயே கீழே. கார் கழுவியிருந்தார். (எந்தத் தண்ணீர்?) நாய் நடக்கிறது சார், பார்த்தீர்களா என்றேன். முகம் மலரும் என்று நினைத்த மடையன் நான்.

“அதான் சார் யோசனையா இருக்கு. இழுத்துக்கிட்டு கிடந்தப்ப யாரையும் துரத்தாது. இப்ப நடக்குது. நாளைக்குக் கடிச்சா யாரு பொறுப்பு? நீங்களே வேற வீடு பாத்துக்கிட்டா...”

நடக்காவிட்டால் ஊசி, நடந்தால் காலி. பதில் பெரிதாக ஒன்று வாயில் திரண்டது. ஏப்ரல் 25-ல் கண்டெடுத்த வார்த்தையும் அதில் இருந்தது.

அதற்குள் மேனேஜர் எங்களைக் கடந்து போனார். காரின் முன் சக்கரம். மோந்தார். சுற்றினார். மறுபடி மோந்தார். வலது கால் மேலே போனது. இடது கால் நடுங்கியது, நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

டாக்டருக்கு போன் பண்ணணும்.