கிணற்றில் தொடங்கும் கட்டுரை

என் ஷமீமுக்கு,

நீ கண்மூடிய பிறகு முதன்முதலாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். குறை சொல்ல நீ இல்லாமல் கை ஓடவில்லை. ஊரைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். இன்று அனுப்பியாக வேண்டும்.

வாணியம்பாடிக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்தை பஸ்ஸில் எனக்கும் நடத்துவாயே! வர்ணனைக் கட்டுரை கண்ணுக்குக் காட்டும், விளக்கக் கட்டுரை புரியவைக்கும், வாதக் கட்டுரை மாறச் சொல்லும் என்பாய். அனுபவக் கட்டுரை என்றால் மட்டும், "அதுல ஒளிய எடமே இல்லக்கா" என்று சிரிப்பாய்.

நான் வர்ணனைக்குள் ஒளிந்துகொண்டேன். பாலாறு, பிரியாணி வாசனை, ஷூ கம்பெனி பஸ்ஸில் பூ வைத்துக்கொண்டு போகும் பெண்கள் என்று ஆம்பூரை அழகாக எழுதிவிட்டேன். வேறு என்ன செய்ய? என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர். ஷாப் கழிவைப் பற்றி வாதம் எழுதினால் அவர் வேலை இருக்குமா?

நேற்று அவர் சாப்பிடும்போது படித்துக் காட்டினேன். விருந்தாளிக்குக் கிணற்றிலிருந்து சில்லென்று தண்ணீர் மொண்டு கொடுக்கும் இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"இன்னா எழுதிக்கிற? நம்ம கெணத்துத் தண்ணிய யாரு குடிக்கிறாங்க? கேன் தண்ணின்னு சொன்னாத்தான் டம்ளரையே வாங்குறாங்க."

"அழகா இருக்கட்டுமேன்னு..."

"கெணறு எதனால கெட்டுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்க வேல?"

கை கழுவ எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

காலையில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். புது முதல் வரி இதுதான்: 'எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை, அதைக் கெடுத்த ஷாப்பில்தான் என் கணவர் வேலை செய்கிறார்.' இது எந்த வகை, ஷமீம்? வாதமா, அனுபவமா? யாரைக் கேட்பேன்?

வேலைக்குக் கிளம்பியவரை நிறுத்திப் படித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"என் பேரையும் போட்டுடு. அடுத்தவன் போய் ஷாப்புல சொல்றதுக்கு முன்னால நாமளே சொல்லிடலாம்."

பைக் சத்தம் தெருமுனை தாண்டியும் நான் வாசலிலேயே நின்றேன். நாளைக்கும் அவர் இப்படிக் கிளம்பிப் போவாரா? தெரியவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுவேன். இனி ஒளிய மாட்டேன். கீழே போடப்போகும் பெயரை முதலில் உனக்கே எழுதிப் பார்க்கிறேன்.

உன் அக்கா,
தோல் ஷாப் சேகரின் மனைவி மல்லிகா