ஏழ்வாயில் நகரத்து அங்காடியில் கம்பிக்கதவு கழன்ற செய்தி

அலை ஓயாத கடல்நடுவே நூற்றெட்டுத் தீவுகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும், சங்குக்கொடி உயர்த்திய மன்னர்மன்னர் திரைமாறர் திருமுன்பு, ஏழ்வாயில் நகரில் தங்கியிருக்கும் தங்கள் தூதுநாயகி ஆதிரைநங்கை நிலமுற வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் குறைவின்றி வந்தணைக. தங்கள் தீவுகளில் தென்னை பாளை தவறாதிருக்க. தங்கள் தங்கையாரைப் பெற்ற வயிறு குளிர்க.

வென்றோம், மன்னவரே! ஓலையின் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மகிழ்ச்சி தாளவில்லை, பொறுத்தருள்க.

ஏழ்வாயில் வேந்தருக்கு மணமுடிக்க இளவரசியாரை அழைத்துக்கொண்டு நாங்கள் கலமேறிய நாளில் தாங்கள் இட்ட கட்டளையை நான் மறக்கவில்லை. ‘என் தங்கை சுடர்க்கொடி தன் சுருள்முடியை மறைத்துக்கொண்டுதான் மணவறை ஏற வேண்டுமென்றால், அந்த மணமே வேண்டா, அன்றே அவளைக் கப்பலேற்றி அழைத்துவா’ என்றீர்கள். அந்தக் கட்டளை நிறைவேறும் நிலைதான் முதல் நாளிலேயே வந்தது. அரண்மனைப் பணிமகளிர் இளவரசியாரின் தலையைச் சீவப் புகுந்து, ஒரு பொழுதுக்குள் மூன்று தந்தச் சீப்புகளை ஒடித்தார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். இத்தகைய தலைக்கு எந்தச் சீப்பு, எந்த எண்ணெய் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. மூத்த பணிப்பெண் கைகூப்பி, முத்துவலை ஒன்றைப் போர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாள். இளவரசியார் அப்போது புன்னகைத்தார். அவர்கள் சென்றபின் என் மடியில் முகம் புதைத்து அழுதார்.

மறுநாள் காலை நானே அங்காடிக்குச் சென்றேன். அங்கே நறுமணத் தெரு என்று ஒரு நீண்ட தெரு. எண்ணெயும் சீயக்காயும் சீப்பும் அகிற்புகையும் அங்குதான் விற்கும். முகப்புக் கடைகளின்மேல் ‘கூந்தற்பொருள்’ என்று பலகை. அங்கே உள்ளவை எல்லாம் நேர்முடிக்கு ஆனவை. நம் போன்ற சுருள்முடியார்க்கு உரியவை எங்கே என்றேன். கடைக்காரர் தெருக்கோடியைக் காட்டினார். கயிறு விற்பவரையும் குதிரைச்சேணம் விற்பவரையும் கடந்து போனால், இருண்டதோர் அறை, அதற்கொரு கம்பிக்கதவு, கதவில் பூட்டு, பூட்டின் பக்கத்தில் காவலன். மேலே ‘அயலார் கூந்தற்பொருள்’ என்று பலகை.

அந்த அயலார் யாரென்று கேட்டருள்க. நான்கு தலைமுறைக்கு முன் நம் தீவுகளிலிருந்து வந்து, இந்நகரின் கோட்டைக்குக் கல் சுமந்து, இந்நகரின் படையில் மாண்ட கப்பற்சேரிக் குடிகள். உடம்பெல்லாம் ஊராராம், தலைமயிர் மட்டும் அயலாராம்! அந்தக் கடைக்கு உரியவள் நொச்சியாள் என்ற பெண். தன் பொருளை எடுக்கத் தானே காவலனிடம் சாவி கேட்டு நிற்க வேண்டும் என்றாள். பூட்டுப் போடும் முன் ஒரு சாடிகூடக் களவு போனதில்லை என்றும், பூட்டிய நாள்முதல் வாங்க வருவோர் எல்லாம் கள்ளரைப் போலக் கூசி நிற்கிறார்கள் என்றும் சொன்னாள். எனக்குக் கொதித்தது.

அங்காடித் தலைவர் தேவனாகரிடம் நேரே சென்று முறையிட்டேன். அவரவர் பொருளை அவரவர் எளிதில் கண்டுகொள்ளச் செய்த ஏற்பாடு அது என்று அவர் மிகவும் இனிமையாக மறுமொழி தந்தார். அப்படியானால் முகப்புக் கடைகளுக்கு ஏன் பூட்டில்லை என்றேன். அதற்கு அவர் எனக்கு வெற்றிலை தந்தார்.

வேந்தரிடமே சொல்லிவிடுகிறேன் என்று இளவரசியாரிடம் வந்து குமுறினேன். கேட்டுப் பெறுவதற்கு இது பிச்சையா என்றார் அவர். இந்நாட்டு மணமரபு எனக்கு நினைவு வந்தது அப்போதுதான்.

அம்மரபைத் தாங்கள் அறிய வேண்டும். மணநாளுக்கு மூன்று நாள் முன்னே, மணமகள் அங்காடியில் நடந்து சென்று, மங்கல நீராட்டுக்கு வேண்டிய எண்ணெயையும் சீப்பையும் தன் கையால் எடுக்க வேண்டும். நாட்டுக்கு உரியவள் நாட்டில் எதையும் கேட்கலாகாது. ஒருவர் கை நீட்டித் தருவதையும் வாங்கலாகாது. உச்சி முரசு அறைவதற்குள் எடுக்காவிடில் மணம் ஓராண்டு தள்ளிப்போகும். எடுத்த கடைக்கு அரசகுடைச் சின்னம் கிடைக்கும்.

அந்த நாளும் வந்தது. முகப்புக் கடைக்காரர்கள் பொற்கிண்ணங்களில் எண்ணெய் நிரப்பி வைத்திருந்தார்கள். வேந்தர் நெடுவேலரையர் யானைமேல் பின்தொடர்ந்தார். நம் இளவரசியார் முத்துவலையைக் களைந்து என் கையில் கொடுத்தார். முடியை அவிழ்த்து உதறினார். அது தோளைச் சுற்றிக் கருமுகில் போல் எழுந்து நின்றது. ஒரு கடையையும் திரும்பிப் பாராமல் தெரு முழுதும் நடந்து, பூட்டிய கம்பிக்கதவின் முன் போய் நின்றார். வாய் திறக்கவில்லை.

தேவனாகர் ஓடிவந்து, காவலனைக் கம்பிகளின் இடையே கைவிடச் செய்து, உள்ளிருந்து ஒரு சாடியை எடுப்பித்துத் தம் கையால் நீட்டினார். இளவரசியார் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டார். தேவனாகர் காவலனிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார். அப்போதும் இளவரசியார் அடியெடுத்து வைக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. முரசடிப்பவன் கோலைக் கையில் எடுத்துவிட்டான். துறையில் நம் கலம் பாய் விரித்து நின்றது. மணமகள்தான் கேட்கலாகாது, தூதுநாயகி கேட்கலாம் அன்றோ? இன்று எம் தலைவிக்காகத் திறக்கும் கதவு நாளை நொச்சியாளுக்குப் பூட்டப்படுமா என்று தெருவே கேட்க வினவினேன்.

வேந்தர் யானையிலிருந்து இறங்கினார். தம் அங்காடியில் இப்படி ஒரு கதவு உண்டென்று இன்றுவரை அறியாததற்கு நாணுவதாக எல்லோர் முன்பும் சொன்னார். பிறகு கயிறு விற்போர் இருவரைத் துணைக்கு அழைத்து, தம் தோளைக் கொடுத்து, கீலோடு கதவைக் கழற்றித் தெருவில் போட்டார். இளவரசியார் அதை மிதித்து உள்ளே சென்று, அகன்ற பல் கொண்ட வேப்பமரச் சீப்பையும் ஆமணக்கெண்ணெய்ச் சாடியையும் எடுத்துத் தலைக்குமேல் உயர்த்தினார். அதன்பின்தான் முரசு முழங்கிற்று. கப்பற்சேரிப் பெண்கள் இட்ட குலவையில் முரசொலி யாருக்குக் கேட்டது! நான் வெட்கமின்றி அழுதேன்.

நொச்சியாளே வந்து நீராட்டினாள். ஈரத்தில் சீவ வேண்டும், நுனியிலிருந்து தொடங்க வேண்டும் என்று பணிமகளிர்க்குக் கற்பித்தாள். இன்று அவள் கடையில் அரசகுடைச் சின்னம். பலகைகள் இரண்டும் இறங்கின. எல்லாத் தலைக்குமான பொருள்களும் ஒரே வரிசையில், இது வறண்ட முடிக்கு, இது சிக்கு விழும் முடிக்கு என்று குறித்து வைக்கப்பட்டுள்ளன. நேர்முடிப் படைத்தலைவரின் மனைவியார் நொச்சியாளின் எண்ணெயை விடாமல் வாங்குகிறார். பொடுகுத் தொல்லைக்காகத் தேவனாகரும் வருவதாகக் கேள்வி.

இனி, அரசியாராகிவிட்ட தங்கள் தங்கையார் சொல்லி நான் எழுதுவது. நம் துறைமுகத்தில், தார்மணம் வீசும் கொட்டகையில், ‘கரையார் தலைப்பொருள்’ என்று பலகையிட்டு, கரைநாட்டிலிருந்து வந்து நம்மிடையே வாழும் நேர்முடியாரின் மெல்லெண்ணெயையும் நுண்சீப்பையும் பூட்டி வைத்திருக்கிறோமே, அது அவருக்கு இங்கு வந்தபின்தான் உறுத்துகிறதாம். சிறுமியாக அவ்வழியே நூறு முறை போயும் ஒருநாளும் கண்ணில் படவில்லையாம். எனக்கும் படவில்லை, மன்னவரே.

ஆகவே, இந்த ஓலையுடன் ஏழ்வாயில் கதவின் இரும்புக் கீல்கள் இரண்டையும் பட்டில் பொதிந்து அனுப்புகிறோம். தைத்திங்களில் அரசியார் தாய்வீடு வருவார். அதற்குள் நம் கொட்டகைக் கதவின் கீல்கள் இவற்றோடு சேர்ந்திருக்க வேண்டும். கழற்றும் தோள் தங்களுடையதாக இருக்க வேண்டும். இது தங்கையின் வேண்டுகோள் அன்று, ஏழ்வாயில் அரசியின் ஆணை. அரசியார் கணையாழி பதித்த அரக்கு இதற்குச் சான்று.