வாய் பெயர்ந்த பாட்டில்

வெள்ளி, 12 மே 1978
ஆட்டையாம்பட்டி

இன்று மாம்பழ ஜாம் ஆறு பாட்டில் போட்டேன். பாட்டில் வாயைச் சுற்றித் தறிக் கழிவு நூலை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கண்ணாடி எங்காவது பெயர்ந்திருந்தால் நூல் சிக்கிக்கொள்ளும். இன்று காலி பாட்டில்களைக் கொதிநீரில் போடும் முன் பார்த்தேன். எடுத்த பிறகு, ஜாம் நிரப்பும் முன் பார்க்க மறந்துவிட்டேன்.

ஆத்தூருக்குக் கிளம்பிய நாத்தனாரிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன். அவள் போன பிறகு, அண்டாவில் பாட்டில்களுக்கு அடியில் விரித்திருந்த துணியை எடுத்தால், அரிசி அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. மீதி ஐந்தையும் திறந்து நூல் ஓட்டினேன். எதிலும் சிக்கவில்லை. உடைந்தது அவள் கொண்டுபோனதுதான். இன்னொரு சில்லு ஜாமுக்குள் இருந்தால்?

தறியில் இருந்த என் வீட்டுக்காரரை எழுப்பி சைக்கிளில் விரட்டினேன். நல்ல வேளை, பஸ் அப்போதுதான் வந்து நின்றதாம். பாட்டிலோடு திரும்பினார். சில்லு அதன் வாயில் அப்படியே பொருந்தியது.

ஜாமைக் குப்பைக் குழியில் கொட்டினேன். "அதான் துண்டு கெடச்சிருச்சில்ல புள்ள?" என்றார்.

"ஒரு துண்டுதான் பேந்துச்சுன்னு பாட்டில் உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா? அது கெடக்கட்டும், தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்லி வாங்குனீங்க?"

"பஸ்ஸு கெளம்பிருச்சு. நீ திருப்பிக் கேக்கறீன்னு மட்டும் சொன்னேன்."

கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டவள் என்று இனி ஆத்தூர் முழுக்கச் சொல்வாள். சொல்லட்டும். சொல்வதற்கு அவள் தொண்டை நன்றாக இருக்கிறது.