இடது கைப் பந்திக் கப்பல் படத்துக்குக் குத்திய மெடல்

அனுப்புநர்:
வேலுத்தாய், க/பெ. (காலஞ்சென்ற) சங்கிலிமுத்து,
தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி, சிவகாசி.

பெறுநர்:
தாசில்தார் அவர்கள், சாத்தூர்.

பொருள்: நீராவிக் கப்பல் ஓவியக் கண்காட்சியில் திருட்டுப் படத்துக்கு வழங்கப்பட்ட மெடலைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் 12-ஆம் தேதி இவ்வூர் வாசகசாலையில் அச்சாபீஸ் ஓவியர்கள் எட்டுப் பேர், யுத்தத்தின்போது பர்மாவில் மூழ்கடிக்கப்பட்ட ஐராவதி ஆற்று நீராவிக் கப்பலை வரைந்து கண்காட்சி வைத்தார்கள். தாங்கள் தலைமை தாங்கி, லட்சுமிகாந்தம் என்பவரின் படத்தை முதலாவதாகத் தேர்ந்து, அவர் சட்டையில் மெடல் குத்தினீர்கள். அந்தப் படம் என் கணவருடையது.

2. என் கணவர் அதே கப்பலில் நான்கு வருடம் கரி அள்ளிப் போட்டவர். 1942-இல் நடந்தே ஊர் திரும்பி, அச்சாபீஸில் அச்சுக் கல்லில் படம் எழுதும் வேலையில் சேர்ந்தார். 1957-இல் ஒரு காலண்டருக்காக அந்தக் கப்பலை எழுதினார். ஆர்டர் நின்றுபோனதால், சரிபார்க்க அச்சடித்த ஒரே ஒரு புரூப் தாளோடு சரி. மறு வருடம் நெஞ்சு நோயில் காலமானார். வேலை முடிந்த கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்கு எடுப்பது வழக்கம். இதை மட்டும் தேய்க்க வேண்டாமென்று கெஞ்சினேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர், பக்கத்து மேஜைக்காரரான மேற்படி லட்சுமிகாந்தம். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

3. கல்லில் படம் இடவலம் மாறியிருக்கும். தாளில் அச்சானால்தான் நேராகும். பதினெட்டு வருடம் அச்சுக் கற்களையே பார்த்துப் பழகிய லட்சுமிகாந்தத்தின் கண்ணுக்கு, மாறிய படமே நேராகத் தெரிந்திருக்கிறது. அப்படியே பிரதியெடுத்து வண்ணம் தீட்டிவிட்டார். மெடல் பெற்ற படத்தில் கப்பலின் மேல்தட்டில் ஏழு பேர் பந்தியில் இருக்கிறார்கள். ஏழு பேரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். அதில் ஒருவர், அதே கப்பலில் வேலை பார்த்த என் தகப்பனார். இத்துடன் இணைத்துள்ள புரூப் தாளில் எல்லோரும் வலது கையால்தான் உண்கிறார்கள்.

4. கண்காட்சிக்கு முந்தின நாள் வாசகசாலையைப் பெருக்கப் போனபோதே இதைக் கண்டேன். வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் சத்தமில்லாமல் படத்தை இறக்கியிருப்பார். ஊர் கூடி மாலை போடட்டும் என்று காத்திருந்தேன். அதற்காகத் தங்களை மெடல் குத்தவிட்டது என் குற்றம்தான், பொறுத்தருள வேண்டும். விழா முடிந்து அவரிடம் தனியே கேட்டேன். "செத்துப்போன அண்ணனுக்கு மெடல எங்கன குத்துவீக, மதினி?" என்றார்.

5. ஆகவே, படத்தை அகற்ற வேண்டாம், அங்கேயே தொங்கட்டும். அதே கூட்டத்தைக் கூட்டி, அந்த இடது கைப் பந்தி எப்படி வந்ததென்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறகு தங்கள் கையாலேயே மெடலைக் கழற்றி, படத்தின் கீழ் என் கணவர் பெயரை எழுதச் செய்ய வேண்டும். மெடல் எனக்கு வேண்டாம். போலீஸ் வழக்கும் வேண்டாம். ஜெயிலுக்குப் போய்விட்டால் ஊரார் முகத்தில் விழிக்கும் கஷ்டம் அவருக்கு இல்லாமல் போகும். அவர் இந்தத் தெருக்களில்தான் நடக்க வேண்டும்.

அன்று அவர் எல்லோர் முன்னும் என்னைக் கும்பிட்டு அழவும் கூடும். அவரை மன்னித்துவிடு என்று மட்டும் எனக்கு உத்தரவிட வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களுடைய வேறு எந்த உத்தரவுக்கும் கீழ்ப்படிவேன். அதற்கு மாட்டேன்.

இடம்: சிவகாசி
தேதி: 3-3-1961

இப்படிக்கு,
ச. வேலுத்தாய்
(சொந்தக் கையெழுத்து)

இணைப்பு: புரூப் தாள் ஒன்று. பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன்.