காயாத சாந்து

மார்ச் 4

பாதியில் நின்ற வணிக வளாகத்துக்கு மாதாந்திரப் பார்வை. கட்டியவர்கள் வழக்கில் சிக்கிக் கைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இடிக்கவும் உத்தரவு இல்லை, முடிக்கவும் ஆள் இல்லை. நகராட்சிப் பொறியாளர் என்ற முறையில் கண்காணிப்பு மட்டும் என் தலையில்.

வாசலில் நான் வைத்த அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. உடைத்து உள்ளே போனேன். சுவர்களில் கடை எண்கள் எழுதியிருக்கின்றன, கடைகள் இல்லை. லிஃப்டுக்கு விட்ட குழியிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. யாரோ மூச்சு விடுவதுபோல் என்று எழுதக் கை போகிறது. வெறும் காற்று.

பின்பக்கத் தூண்களில் விரிசல். ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் ஒரு கண்ணாடிச் சில்லு வைத்து, இரண்டு முனையையும் வெள்ளைச் சாந்தால் ஒட்டியிருக்கிறேன். பழைய முறை. கட்டிடம் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால், கீழே இருக்கும் தெருவைக் காலி செய்யச் சொல்லி நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. அதன் பின்சுவரும் வளாகத்தின் சுவரும் ஒட்டியே நிற்கின்றன.

எல்லாம் முழுசாக இருந்தன. நல்ல செய்திதான். ஏன் அப்படித் தோன்றவில்லை?

மார்ச் 5

அக்கா வீட்டில் டீ. “மாப்பிள்ளை எப்படி இருக்காரு?” என்றாள். தெருவே அந்தக் கட்டிடத்தை அப்படித்தான் கூப்பிடுகிறது. தடபுடலாக வந்தார், உட்கார்ந்தார், ஒரு வேலையும் செய்வதில்லை, முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தான் முன்னறையில் ஏதோ கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். படத்துக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுவதுதான் அவர் தொழில். எல்லோரும் சிரித்தபோது அவர் மட்டும் தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 2

முத்திரை அப்படியே. கண்ணாடிகளும் அப்படியே. ஆனால் நடுத்தூணின் விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நகம் போகிறது. போன மாதம் போகவில்லை.

விரிசல் அகன்றால் அதன் குறுக்கே ஒட்டிய கண்ணாடி உடைந்தாக வேண்டும். உடையவில்லை. இரண்டில் ஒன்று பொய்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தத் தூண்களின் அடியில் மட்டும் தரை சுத்தமாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கணுக்கால் அளவு தூசி. நோயாளி படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றிப் பெருக்கி வைத்ததுபோல்.

கீழே வந்து காவலாளியிடம் யாராவது உள்ளே போனார்களா என்று கேட்டேன். முத்திரை வைக்கும் முன்பும் அவர் முதல் மாடிக்கு மேல் ஏறியதே இல்லை. “புறாகூட உக்கார மாட்டேங்குது மேடம். நான் எதுக்கு?” என்றார்.

உண்மைதான். ஒரு இறகுகூட இல்லை. இத்தனை நாள் இதை நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 9

சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனேன். பட்டப்பகல்.

நடுத்தூணின் கண்ணாடியை இறுக்கிப் பார்க்கலாம் என்று சாந்தில் விரல் வைத்தேன். நகம் உள்ளே இறங்கியது. ஈரம்.

அது நான் டிசம்பரில் பூசிய சாந்து. ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும் பொருள். பக்கத்தில் என் கையால் எழுதிய தேதி இருக்கிறது. ஆனால் சாந்து ஈரம் — இப்போதுதான் வைத்த ஈரம். முத்திரை உடையவில்லை. காவலாளி வாசலில் இருக்கிறார். உள்ளே நானும் அந்தக் குழிக்காற்றும்தான்.

“யாரு?” என்றேன். என் குரல் எல்லா மாடிக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்ததுபோல் இருந்தது.

இறங்கிவிட்டேன். ஓடவில்லை. வேகமாக இறங்கினேன். அந்தக் கண்ணாடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

ஏப்ரல் 10

ராத்திரி முழுக்க என்னென்னமோ நினைத்தேன். கட்டிடமே தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது என்றுகூட. படித்த படிப்பெல்லாம் எங்கே போச்சு?

காலையில் அந்தக் கண்ணாடியை மேஜையில் வைத்து ஓரத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. எங்கள் அலுவலகக் கண்ணாடி வெட்டியது வெட்டியபடி, கையைக் கிழிக்கும். இதை யாரோ கல்லில் தேய்த்திருக்கிறார்கள். வாங்குகிறவர் கை கிழியக் கூடாது என்று எந்தச் சில்லையும் தேய்க்காமல் வெளியே விடாத ஒருவரை எனக்குத் தெரியும்.

அத்தான்.

ஏப்ரல் 12

அக்கா மறுக்கவில்லை. கீழ்ச்சுவர்தான் ஒட்டி நிற்கிறது, மாடி சற்று உள்ளடங்கியது; அதன் பின்ஜன்னலிலிருந்து வளாகத்தின் திறப்புக்கு ஒரு பலகை. கண்ணாடி உடையும்போதெல்லாம் அத்தான் புதிது ஒட்டுவார். அக்கா பின்னாலேயே போய் உதிர்ந்த சில்லைப் பெருக்குவாள்.

எத்தனை தடவை உடைந்தது என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒடஞ்சா நீ தெருவைக் காலி பண்ணச் சொல்லுவ. ஆத்தங்கரைக்காரங்களைத் தற்காலிகம்னு சொல்லித்தான கொட்டாய்ல கொண்டுபோய் வச்சீங்க? இன்னும் அங்கதான் கெடக்காங்க. ஒடையாம இருந்தா நீயும் வந்து டீ குடிச்சிட்டுப் போவ, நாங்களும் நிம்மதியாப் படுப்போம்.”

“கண்ணாடியை ஒட்டினா கட்டிடம் நின்னுடுமாக்கா?”

“இவ்வளவு நாள் நின்னுச்சேடி.”

அத்தான் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “சத்தம் கேக்குது. சாப்பிடும்போது, செவுத்துக்குள்ள.” தெரிந்தும் அந்தச் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 13

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 20

தெரு காலி. பெரும்பாலோர் கொட்டகைக்குப் போனார்கள். அக்காவும் அத்தானும் என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள்.

அந்தத் தெருவின் தையற்காரம்மா லாரியில் ஏறும்போது, “உங்க அக்காளுக்குத் தங்கச்சி வீடு இருக்கு. எங்களுக்கு யாரு இருக்கா?” என்றார்.

தூண்களில் புதுக் கண்ணாடி ஒட்டினேன். பின்ஜன்னல் பலகையை எடுத்துவிட்டேன்.

மே 6

ஒன்றுகூட உடையவில்லை. தெருக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குத் திரும்ப. மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

இன்று தூணின் முன்னால் நின்று, உடையேன், உடைந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இதை எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆமாம். கெஞ்சினேன்.

மே 11

என் கண் முன்னால் உடைந்தது. தொடவில்லை. மூச்சுகூட விடவில்லை. நெட்டி முறிப்பதுபோல் சின்னச் சத்தம். பிறகு அடுத்த தூண். பிறகு அதற்கடுத்தது. யாரோ நிதானமாக ஒவ்வொரு விரலாக நெட்டி முறித்துக்கொண்டே வருவதுபோல், வரிசையாக, என் பக்கம்.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. கெஞ்சியது கேட்டுவிட்டதோ என்று படியிறங்கும்போது தோன்றியது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முகத்தைப் பார்த்தாள். “ஒடஞ்சிருச்சா?” இருபது நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி. தலையசைத்தேன். அடுப்படிக்குப் போய் எனக்கும் சேர்த்து டீ போட்டாள்.

ஜூன் 17

உத்தரவு வந்து, வளாகத்தை இடித்து முடித்தார்கள். தெருக்காரர்கள் திரும்பிவிட்டார்கள்; தையற்காரம்மாவின் இயந்திரச் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. கடைசி வீடு மட்டும் இல்லை. சுவர் ஒட்டி இருந்ததால் மாப்பிள்ளையோடு அதுவும் போயிற்று. அத்தான் என் முன்னறையில் தொழில் ஆரம்பித்திருக்கிறார்.

ஜூன் 30

என் படுக்கையறைக் கதவுக்கு மேலே ஒரு விரிசல் உண்டு. வீடு வாங்கிய நாள் முதல் இருக்கிறது. வெறும் பூச்சு விரிசல், கவலைப்பட ஒன்றும் இல்லை என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லுவேன்.

காலையில் பார்த்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லு. ஓரம் தேய்த்தது.

அக்காவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, “இங்கயும் பாத்துக்கணும்ல” என்றாள்.

எடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் முன்னறையில் இருக்கும்போது நாற்காலி போட்டு ஏறிச் சாந்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

மதியம் மறுபடி தொட்டுப் பார்த்தேன்.